நர்மதை பரிக்ரமா: எதை முடிவு செய்துகொண்டு போகணும், எதை மையாவிடம் விடணும்?

கரையோரன் (இழை தொடக்கம்)

நர்மதை நதியைக் கால்நடையாகச் சுற்றிவரும் பரிக்ரமா பற்றி எந்தக் காணொளியைத் திறந்தாலும் "எல்லாம் மையா பார்த்துப்பா, நீ கிளம்பு, ஓட்டத்தோட போ" என்ற வரி வந்துவிடுகிறது (மையா என்றால் நர்மதைத் தாய்). கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் நடக்கிற காரியத்தில் "ஓட்டத்தோட போ" என்றால் தரையில் என்ன அர்த்தம்? தேதி குறிக்கலாமா கூடாதா? பணம் எடுத்துப் போகலாமா? தங்குமிடம் கேட்டு வைக்கலாமா? அணை, கால்வாய் வந்தால் என்ன செய்வது? கார்த்திகை ஏகாதசிக்குப் பிறகு மத்தியப் பிரதேசத்து ஓங்காரேஷ்வரில் கிளம்ப யோசிக்கும் இரண்டு பேருக்காகக் கேட்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: சிலிர்ப்புக் கதைகள் வேண்டாம், அதற்கு நூறு இழை இருக்கிறது. எது எப்படி நடக்கிறது, எங்கே கோணலாகிறது, ஏன் என்று மட்டும் எழுதுங்கள்.

வலக்கைநதி

முதலில் ஒரு விஷயம். பரிக்ரமாவில் சரிபாதி தூரம் ஓட்டத்துக்கு எதிராகத்தான் நடக்கணும். இதை யாரும் காணொளியில் சொல்வதில்லை.

விதி இதுதான்: நதி எப்போதும் உங்கள் வலது கைப்பக்கம். ஓங்காரேஷ்வரில் தென்கரையிலிருந்து கிளம்பினால் மேற்கு நோக்கி, தண்ணீர் போகிற திசையிலேயே கடல் வரை. கம்பாத் வளைகுடாவில் படகேறி வடகரை. அங்கிருந்து கிழக்கே, தண்ணீர் வருகிற திசையை நோக்கி, நதி பிறக்கும் அமர்கண்டக் வரை முழுக்க எதிர்நடை. ஊற்றுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு மறுபடி தென்கரை, மறுபடி தண்ணீரோடு ஓங்காரேஷ்வர். நதியின் நீளம் 1,312 கி.மீ. இரண்டு கரைக்கும் சேர்த்து 2,624. நீர்த்தேக்கங்களைச் சுற்றிக்கொண்டு போவதால் கால் நடப்பது 3,000 கி.மீ.க்கு மேல்.

ஆக, நீங்கள் முடிவு செய்யவேண்டியது இரண்டே: திசை, நதியைத் தாண்டாமை. இந்த இரண்டும் சங்கல்பத்தன்றே முடிந்துபோன விஷயம், அப்புறம் அதில் பேச்சே கிடையாது. இன்றைக்கு எவ்வளவு தூரம், எங்கே படுக்கை, என்ன சாப்பாடு, கூட யார் வருகிறார்கள் என்பதெல்லாம் கரை முடிவு செய்யும். கோணலாவது எப்போது என்றால் இதைத் தலைகீழாகச் செய்யும்போது. ராத்திரி தங்கல் பட்டியலைப் பத்து நாளுக்கு முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் எதிர்க்கரையில் நல்ல ஆசிரமம் கண்ணில் பட்டால் "இந்த ஒரு பாலம்தானே" என்று கேட்பார்கள். தாண்டிவிட்டால் பரிக்ரமா கண்டிதம், அதாவது உடைந்துபோனது. மறுபடி சங்கல்பம் செய்து முதலிலிருந்துதான்.

கால அளவு. ஆஷாட ஏகாதசியிலிருந்து கார்த்திகை ஏகாதசி வரை சாதுர்மாசம், நடை கிடையாது. ஓங்காரேஷ்வரில் நவம்பர் நடுவில் கிளம்பி நாளைக்கு 20–25 கி.மீ. நடந்தால் கடல் வரை ஏறக்குறைய ஒரு மாதம். வடகரையில் அமர்கண்டக் வரை இரண்டு மாதத்துக்கு மேல், அதாவது பிப்ரவரி கடைசி. திரும்பி வர இன்னும் 40–45 நாள். ஏப்ரல் நடுவில் முடியும். இதே ஆள் ஜனவரி நடுவில் கிளம்பினால் கடைசி மாதம் முழுக்க மத்தியப் பிரதேசத்து வெயிலில் சிக்குவார். தேதியை மையாவிடம் விடுங்கள், பருவத்தை விடாதீர்கள்.

ரேவாகரை

மேலே சொன்னதோடு சங்கல்பத்தன்று நடப்பதையும் சேர்த்துக்கொள்கிறேன், அங்கேதான் முதல் தடுமாற்றம்.

ஓங்காரேஷ்வர் கோயில் இருப்பது நதிக்கு நடுவே உள்ள மாந்தாதா தீவில். தீவுக்குப் போவதும் நதியைத் தாண்டுவதுதான். எனவே சங்கல்பம் செய்தபின் ஜோதிர்லிங்க தரிசனம் கிடையாது, பாலத்தில் காலே வைக்கக்கூடாது. தென்கரையில் இருக்கும் மமலேஷ்வரைப் பார்க்கலாம். முந்தின நாளே தீவுக்குப் போய் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஆதிசங்கரர் தம் குரு கோவிந்த பகவத்பாதரைச் சந்தித்ததாகச் சொல்லப்படும் குகையும் அந்தக் கோயிலடியில்தான். 2023 செப்டம்பரில் திறந்த 108 அடி சங்கரர் சிலையும் தீவு மலைமேல்தான். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இவற்றைப் பார்க்காமல் கிளம்பிவிட்டு அப்புறம் மாதக்கணக்கில் மனதில் அரிப்போடு நடப்பது வேண்டாம்.

மறுநாள் காலையில் கோமுக் காட் (படித்துறை) பக்கம் குளியல். ஆண்கள் பெரும்பாலும் முடி எடுப்பார்கள். பண்டா (தீர்த்தப் புரோகிதர்) சங்கல்பம் சொல்லி வைப்பார். சிறுமிகளுக்கு அல்வா, அதாவது "கடாய்" பிரசாதம். முக்கியமான பொருள்: மூடி இறுக்கமான சின்னப் பாட்டிலில் 100–200 மி.லி. நர்மதை நீர். வழி முழுக்க அதுதான் பூஜை மூர்த்தி, காலையும் மாலையும் அதற்குத்தான் ஆரத்தி. கண்ணாடி வேண்டாம், உடையும். சாதாரணத் தண்ணீர் பாட்டில் மெல்லிசு, பை அழுத்தத்தில் கசியும். தடித்த பிளாஸ்டிக்கோ செம்போ போதும்.

அடையாளத்துக்கு ஆதார் நகல் ஏழெட்டு, பாஸ்போர்ட் அளவுப் படங்கள். பரிக்ரமாவாசி என்று உள்ளூரில் எழுதித் தரும் சான்றை வாங்கி, ஒரு நோட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆசிரமங்கள் அந்த நோட்டில் முத்திரை போடும். சில இடங்களில் அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், இப்போது போலி பரிக்ரமாவாசிகள் அதிகம்.

மயிலைமூத்தவன்

கோபித்துக்கொள்ளாதீர்கள், மரபுக் கணக்கு 3 வருஷம், 3 மாதம், 13 நாள். நாலு மாதம் ஒரே இடத்தில் உட்கார்ந்து மழையைப் பார்ப்பதும் அதில் சேர்த்தி. நீங்கள் சொல்வது 150 நாளில் முடிக்கிற நடைப் பயிற்சி. நாளைக்கு 25 கி.மீ. என்று இலக்கு வைத்துவிட்டு, அப்புறம் எதை விட்டீர்கள்? யாராவது கிழவி கூப்பிட்டு "உட்காரு, பூட்டா (மக்காச்சோளக் கதிர்) சுட்டுத் தர்றேன்" என்றால் கடிகாரத்தைப் பார்க்கிறவன் ஓட்டத்தில் இல்லை.

வலக்கைநதி

ஐயா சொல்வதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். 20–25 என்பது சராசரி, இலக்கு இல்லை. மலைப் பகுதியில் 12 கி.மீ. நடந்தாலே நாள் போய்விடும், சமவெளியில் 30 வரும். இலக்கு வைத்து நடப்பவர்களிடம் ஒரு கோளாறு தெளிவாகத் தெரியும்: சாயங்காலம் 4 மணிக்கு ஒரு ஊரில் இடம் கிடைத்தும் "இன்னும் 6 கி.மீ. போயிடலாம்" என்று கிளம்புவார்கள். இருட்டிய பின் ஊருக்குள் நுழையும் அந்நியனுக்கு நாயும் பயப்படும், ஊரும் பயப்படும். சூரியன் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஆசனம் போட்டுவிடவேண்டும் என்ற பழைய பழக்கத்துக்கு அதுதான் காரணம்.

ஆனால் 3 வருஷம் இருந்தால்தான் பரிக்ரமா என்றால் குடும்பஸ்தன் யாரும் போகமுடியாது. "கண்ட" பரிக்ரமாவும், அதாவது துண்டு துண்டாக நடப்பதும், மரபிலேயே உண்டு. ஜபல்பூர் ஓவியர் அம்ரித்லால் வேகட் 1977இல் தொடங்கி, துண்டு துண்டாக வருஷக்கணக்கில் நடந்தார். விட்ட இடத்திலிருந்து அடுத்த தடவை. திசை மாறவில்லை, அதுதான் கணக்கு.

மயிலைமூத்தவன்

வேகட் விஷயம் சரி, அவர் அவசரப்பட்டதில்லை. என் ஆட்சேபம் அவசரத்தின் மேல்தான்.

தாமிரபரணியான்

கார், பஸ்ஸில் 15–20 நாளில் போகிறார்களே, அது கணக்கில் வருமா?

வலக்கைநதி

யாத்திரை என்ற அளவில் வரும். இந்த இழையின் கேள்விக்கு வராது. வண்டியில் போகிறவருக்கு எதையும் விட்டுவிட வேண்டிய நிலை வருவதே இல்லை, கடல் படகைத் தவிர. அங்கே மட்டும் வண்டி பரூச் பாலம் வழியாகச் சுற்றிப் போய் மறுகரையில் நிற்கும்.

நடைவண்டி

கால், பை இரண்டையும் நான் எழுதிவிடுகிறேன். "மையா பார்த்துப்பா" என்று சொல்லிவிட்டு 14 கிலோ பையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே படுத்துவிடுகிறார்கள்.

பை மொத்தம் 6–7 கிலோ, தண்ணீர் சேர்த்து 8. உள்ளே: விரிப்பு, மெல்லிய கம்பளி அல்லது 0–5 டிகிரி தாங்கும் தூங்குபை (டிசம்பர், ஜனவரியில் அமர்கண்டக் மேட்டில் பனி உறையும்), இரண்டு செட் வெள்ளை உடை, துண்டு, தட்டு, டம்ளர், அரை லிட்டர் பிடிக்கும் ஒரு பாத்திரம், டார்ச், ஊசி நூல், மருந்துப் பொட்டலம், ஓஆர்எஸ். இரண்டு செட்டுக்கு மேல் துணி எடுப்பது வீண். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். வழியில் பக்தர்கள் போர்வை, சால்வை கொடுப்பார்கள். மறுக்கமுடியாமல் வாங்கிச் சுமந்தே பை பத்து கிலோவுக்கு ஏறிவிடும். வாங்கியதை அடுத்த ஊரில் தேவைப்பட்டவருக்குக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

செருப்பு, ஷூ: நடக்க நடக்கப் பாதம் வீங்கும், அதனால் வழக்கமான அளவைவிட ஒன்று பெரியது. புது ஷூவோடு கிளம்பாதீர்கள், ஒரு மாதமாவது ஊரில் போட்டுப் பழக்குங்கள். கொப்புளம் வருவது ஈரமும் உராய்வும் சேரும்போது. காலையில் நதியில் குளித்துவிட்டு விரலிடுக்கைத் துடைக்காமல் சாக்ஸ் மாட்டுவதுதான் முதல் காரணம். கொப்புளம் வந்தால் தோலை உரிக்காதீர்கள். நெருப்பில் காட்டி ஆறவைத்த ஊசியால் ஓரத்தில் இரண்டு துளை, நீரை அழுத்தி எடுத்து, மருந்து வைத்து, மேலே பிளாஸ்திரி. உரித்தால் அடுத்த பத்து நாளைக்கு நடை கெடும்.

பரிக்ரமா முடியும்வரை நகம் வெட்டக்கூடாது என்று ஒரு விதி உண்டு, அதற்கு ஒரு விலையும் உண்டு. இரண்டாவது மாதத்தில் கட்டைவிரல் நகம் ஷூ முனையில் இடித்து இறக்கத்தில் கறுத்துப்போகும். விதியை விடாமல் காப்பாற்றுகிறவர்கள் முன்பக்கம் திறந்த நடைச் செருப்பு போடுகிறார்கள். அது முடியாதென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், அதற்காகப் பரிக்ரமா உடையாது. இதில் மயிலை ஐயா சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை.

மயிலைமூத்தவன்

வரவில்லை. நகத்துக்கு விலக்கு கேட்டு நிறையப் பேர் வந்ததுண்டு, ஆறு என்னவோ அப்படியேதான் ஓடுகிறது.

பொற்கொடி_திருச்சி

சாப்பாடு, தங்கல் பற்றி. பெண்கள் தனியாகவும் போகிறார்கள், இரண்டு பேராகப் போவது இன்னும் சௌகரியம். மூன்று, நாலு பேர் வரை ஊர் தாங்கும். பத்துப் பேர் கும்பலாகப் போனால் சின்ன ஆசிரமம் திணறும்.

வாசலில் முதல் கேள்வி "கித்னி மூர்த்தி?" அதாவது எத்தனை பேர். பரிக்ரமாவாசியைத் தலை என்று எண்ணமாட்டார்கள், மூர்த்தி என்றுதான் எண்ணுவார்கள். எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லுங்கள், பின்னால் வருகிறவரையும் சேர்த்து. மூன்று என்று சொல்லி, ஒரு மணி நேரம் கழித்து ஐந்து பேர் உட்கார்ந்தால் அங்கே சமைக்கும் அம்மா பட்டினி. "ஆசன் லகாவோ" என்றால் விரிப்பைப் போட்டுக்கொள், இன்று இங்கேதான் என்று பொருள். சொல்லாதவரை பையைக் கழற்றி மூலையில் வைக்காதீர்கள்.

சாப்பாடு இரண்டு விதம். சமைத்த "போஜன் பிரசாதி", இல்லையென்றால் "சதாவ்ரத்": மாவு, பருப்பு, உப்பு, மிளகாய், கொஞ்சம் வெல்லம் அளந்து கையில் கொடுப்பார்கள், நாம் பொங்கிக்கொள்ள வேண்டும். ஓர் ஆளுக்கு 200–250 கிராம் கோதுமை மாவு கணக்கு. அதில் டிக்கட் என்ற தடித்த ரொட்டி போடலாம்: உப்பு சேர்த்து இறுக்கமாகப் பிசைந்து, விரல் தடிமனுக்குத் தட்டி, முதலில் தவாவில் இரண்டு புறமும் காயவிட்டு, அப்புறம் தணலில் நிறுத்தி வேகவிட வேண்டும். நம்மவர்கள் சப்பாத்தி மாதிரி தளரப் பிசைந்துவிடுவார்கள், அது தணலில் சாம்பலோடு ஒட்டி உள்ளே பச்சையாக நிற்கும். அரிசி கிடைத்தால் இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு பாசிப்பருப்பு, ஒரே பாத்திரத்தில் கிச்சடி. பாதி நாள் இதுதான். காரச் சட்னி, ரசம் நினைப்பை ஓங்காரேஷ்வரிலேயே விட்டுவிடுங்கள்.

கழிப்பிடம்: விடியும் முன்பே, நதியிலிருந்து தள்ளி, ஊர்க்காரர்கள் காட்டும் இடத்தில். நதியில் சோப்பு போடுவது, துணி துவைப்பது இரண்டும் கூடாது. தண்ணீரை மொண்டு கரையேறி வந்து துவைக்கணும். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் நடையை நிறுத்துவதா என்பதில் ஆசிரமத்துக்கு ஆசிரமம் பழக்கம் வேறு. பெரும்பாலும் நடக்கலாம், பாட்டில் பூஜையை மட்டும் கூட வருகிறவர் செய்வார். நாப்கினைத் தூக்கிப் போட இடம் கிடைக்காத நீளங்கள் உண்டு, மூடுகிற பை ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தி: பத்து வாக்கியம் போதும். "நர்மதே ஹர்" என்ற ஒன்று பாதி வேலையைச் செய்துவிடும், வணக்கம், நன்றி, கதவைத் திற எல்லாம் அதுதான்.

அணைக்கட்டு

"ஓட்டத்தோட போ" என்கிறவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் ஓட்டம் இன்று இல்லை. நதியில் பர்கி, இந்திரா சாகர், ஓங்காரேஷ்வர், சர்தார் சரோவர் என்று பெரிய தேக்கங்கள். தண்ணீர் ஓடுவது மின்நிலையத்தின் நேரப்படி. இந்திரா சாகர் 1,000 மெகாவாட், ஓங்காரேஷ்வர் 520. மாலையில் மின்தேவை ஏறும்போது டர்பைன் ஓடும், கீழே படித்துறையில் நீர்மட்டம் ஏறும். சங்கு ஊதினால் படியில் நிற்காதீர்கள், துணியை எடுக்கக்கூடத் திரும்பாதீர்கள். 2005 ஏப்ரலில் தாராஜியில் அமாவாசைத் திருவிழாவுக்குக் கூடியவர்கள் மேலிருந்து திறந்துவிட்ட நீரில் அடித்துச் செல்லப்பட்டுப் பலர் இறந்தார்கள். குளிப்பது எப்போதும் ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், இடுப்புக்கு மேல் இறங்காமல். குஜராத் பகுதியில் தேக்கத்திலும் அதற்குக் கீழேயும் முதலை உண்டு, பலகை வைத்திருந்தால் அதை நம்புங்கள்.

தேக்கம் இருக்கும் இடத்தில் பழைய பாதை தண்ணீருக்குள். சர்தார் சரோவரின் முழு நீர்மட்டம் 138.68 மீட்டர், 2019 செப்டம்பரில் முதல்முறையாக நிரம்பியது. பழைய சூல்பாணேஷ்வர் கோயிலே உள்ளேதான் இருக்கிறது, இப்போது கும்பிடுவது புதிதாகக் கட்டியது. பத்து வருஷத்துக்கு முந்தைய பாதைக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் மாலையில் ஒரு தண்ணீர் விளிம்பில் போய் நிற்பீர்கள், திரும்பி அதே 10 கி.மீ. நடக்கணும்.

இன்னொன்று, உபநதிகள். அவற்றைத் தாண்டலாம், தடையில்லை. தவா போன்ற பெரியதைப் பாலத்தில், சின்னதைக் காலால். ஆனால் தேக்கத்தின் பின்நீர் உபநதிக்குள் பல கி.மீ. ஏறி நிற்கும். அங்கே படகில் குறுக்கே போனால் நீங்கள் தாண்டுவது உபநதியையா நர்மதையையா? கறாரானவர்கள் ஓடைநீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியும் இடம்வரை மேலேறிப் போய்த் தாண்டுகிறார்கள். அரை நாள் கூடுதல். அதுதான் சரி என்பது என் கட்சி.

கரையோரன்

அப்படிப் பார்த்தால் கால்வாய்? சர்தார் சரோவர் பிரதான கால்வாய் வடகரையிலிருந்து கிளம்பி ராஜஸ்தான் வரை போகிறதே. அதிலும் நர்மதை நீர்தானே?

அணைக்கட்டு

நல்ல கேள்வி, ஒவ்வொரு வருஷமும் இதில் சண்டை உண்டு. குஜராத்துக்குள் மட்டும் 458 கி.மீ. வடகரையில் மேலே ஏறுகிறவர் அதைத் தாண்டாமல் போகவே முடியாது. தாண்டமாட்டேன் என்றால் கால்வாய் முடியும் இடத்தைத் தேடி ராஜஸ்தானுக்குத்தான் நடக்கவேண்டும். தென்கரையில் நிமார் பகுதியில் இந்திரா சாகர் கால்வாய்களும் அப்படியே. நடைமுறை: கால்வாய் எடுத்துச் செல்லப்பட்ட நீர், நதி இல்லை. குடத்தில் மொண்ட நீரைத் தாண்டுவது போலத்தான். பாலத்தில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார்கள்.

மயிலைமூத்தவன்

பின்நீருக்கு அரை நாள் சுற்று, கால்வாய்க்கு ஒரு கும்பிடு. இதில் தர்க்கம் எங்கே?

அணைக்கட்டு

முடிகிற இடத்தில் சுற்று, முடியாத இடத்தில் கும்பிடு. அதுதான் தர்க்கம் ஐயா.

ரேவாகரை

பணம், சூல்பாண் ஜாடி (காடு) இரண்டையும் யாரும் தொடவில்லை.

பட்வானி பக்கத்து ராஜ்காட் தாண்டி மேற்கே போனதும் சாத்புரா மலைக்காடு தொடங்கும். மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரத்தின் நந்துர்பார், குஜராத் என்று மூன்று மாநிலம் தொட்டுப் போகும் பில் பழங்குடிப் பகுதி. முன்னாட்களில் இங்கே பரிக்ரமாவாசிகளிடம் இருந்ததை எல்லாம் உருவிக்கொண்டு கோவணத்தோடு விடுவார்கள். பில்களை "மாமா" என்றே அழைப்பது வழக்கம், பறித்ததையும் மையாவின் காரியம் என்றே எடுத்துக்கொண்டார்கள். இப்போது பறிப்பு பெரிதாக இல்லை. அதே மாமா வீட்டில்தான் ராத்திரித் தங்கலும் மக்காச்சோள ரொட்டியும். பாதை சரளைக்கல், செங்குத்தான ஏற்ற இறக்கம், கைபேசி சிக்னல் விட்டு விட்டு வரும். கைத்தடி அங்கே அலங்காரம் இல்லை. முட்டி பலமில்லாதவர்கள் ஷாஹதா, பிரகாஷா வழியாகச் சாலையில் சுற்றலாம். சமதரை, ஆனால் நதி பல நாள் கண்ணில் படாது. இரண்டும் செல்லும். எது என்பதை ராஜ்காட் வந்த பிறகு உங்கள் முட்டியைக் கேட்டு முடிவு செய்யுங்கள், சென்னையில் உட்கார்ந்து வேண்டாம்.

இதில் ஒரு விஷயம் உறுத்துகிறது. "ஓட்டத்தோட போறேன், எல்லாம் தானா வருது" என்று எழுதுகிறார்கள். தானாக வரவில்லை. அணைக்கு நிலம் கொடுத்துவிட்டு மேட்டில் குடிசை போட்டிருக்கும் வீட்டிலிருந்து அந்த மாவு வருகிறது. 2004இல் ஹர்சூத் என்ற ஊரே மூழ்கியது, அந்தப் பக்கத்து ஜனங்களும் பரிக்ரமாவாசிக்குச் சாயா கொடுக்காமல் அனுப்புவதில்லை. ஆகவே பணம் எடுத்துப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 3,000–5,000 ரூபாய், சில்லறையாக. கடல் படகுக்குக் கட்டணம் உண்டு, மருந்து உண்டு, திரும்பும் ரயில் உண்டு. ஏழை வீட்டில் தங்கினால் கையில் பணம் திணித்தால் வாங்கமாட்டார்கள், வருத்தப்படுவார்கள். முந்தின ஊர்க் கடையில் பருப்பும் எண்ணெயும் வாங்கிப் போய் அடுப்படியில் வைத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு நோட்டு, பேனா.

மயிலைமூத்தவன்

இதை மட்டும் தனியாக எடுத்து இழையின் தலையில் ஒட்டலாம்.

பொற்கொடி_திருச்சி

ஆமோதிக்கிறேன். கேட்காமல் இருப்பது ஒரு விரதம், கொடுத்ததில் குறை சொல்லாமல் இருப்பது அதைவிடக் கஷ்டமான விரதம். "டீயில சர்க்கரை ஜாஸ்தி" என்று முகம் சுளிக்கும் ஆட்கள் உண்டு.

நடைவண்டி

கடல் படகு பற்றி யாராவது? அங்கேதான் திட்டம் போட்டவர்கள் அத்தனை பேரும் மாட்டுகிறார்கள்.

வலக்கைநதி

எழுதுகிறேன். தென்கரையில் ஹான்சோட் தாண்டி விமலேஷ்வர், வடகரையில் தஹேஜ் பக்கம் மீட்டி தலாய். இடையில் கழிமுகம். கம்பாத் வளைகுடாவில் ஓத (கடல் நீர்மட்ட) ஏற்றத்தாழ்வு 10 மீட்டரைத் தாண்டும், உலகத்திலேயே பெரிய ஓதங்களில் ஒன்று. வற்றும்போது படகுத்துறை வெறும் சேறு. ஆகவே படகு கிளம்புவது நிறைநீரில் மட்டும், அது நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நள்ளிரவு 2 மணிக்கும் எழுப்புவார்கள். காற்று பலமாக இருந்தால் அன்றைக்குப் படகு இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிசு, அஷ்டமியை ஒட்டிச் சிறிசு, அதற்கேற்ப நேரமும் மாறும். ஒரு நாளும் காத்திருக்கலாம், நாலு நாளும் காத்திருக்கலாம். வடகரையில் "இந்தத் தேதிக்குள் பரூச்" என்று யாரிடமாவது வாக்குக் கொடுத்திருந்தால் அது இங்கே உடையும்.

செய்யவேண்டியது: விமலேஷ்வர் போனவுடன் பெயர் பதிவு, ஆதார் நகல் அங்கே கேட்பார்கள். பையைப் பெரிய பிளாஸ்டிக் உறையில் கட்டுங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், சேற்றில் ஏறி இறங்கணும். உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கிப் போடுங்கள், வெட்கப்படாதீர்கள். பயணம் சில மணி நேரம், வயிற்றைக் காலியாகவும் விடாதீர்கள், நிறையவும் தின்னாதீர்கள். நடுக்கடலில் பாட்டில் நீரில் பாதியைக் கடலில் விட்டு, அங்கே உள்ள நீரைச் சேர்த்து நிரப்புவார்கள். பாட்டிலை முழுக்கக் கவிழ்த்துவிட்டுப் பதறுகிறவர்களைப் படகுக்கு ஒருவர் பார்க்கலாம். பாதிதான்.

தாமிரபரணியான்

படகிலும் கடலிலும் நதியைத் தாண்டுவதுதானே? அதற்கு மட்டும் எப்படி விலக்கு?

வலக்கைநதி

அங்கே நதி முடிந்து கடல் தொடங்கிவிட்டது என்பது கணக்கு. நதியின் நுனியைச் சுற்றுகிறீர்கள், குறுக்கே வெட்டவில்லை. ஊற்றில் அமர்கண்டக்கில் குளத்துக்குப் பின்னால் மாயி கி பகியா பக்கம் சுற்றிப் போவதும் அதே கணக்கு. இதையும் ஒத்துக்கொள்ளாமல் கடலிலும் தாண்டமாட்டேன் என்று வந்த வழியே திரும்பி நடக்கும் ஜலஹரி பரிக்ரமாவும் உண்டு. சிவன் கோயிலில் கோமுகியைத் தாண்டாமல் திரும்புவோமே, அந்த முறை. தூரம் இரட்டிப்பு.

கரையோரன்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. ரதசப்தமியன்று அமர்கண்டக்கில் இருப்பது நல்லது என்கிறார்கள். அதற்கேற்ப வேகத்தை மாற்றலாமா?

ரேவாகரை

மாக மாதம் வளர்பிறை சப்தமி நர்மதா ஜயந்தி, நம் ரதசப்தமி அன்றேதான். அமர்கண்டக்கில் அன்றைக்குக் கூட்டம் நெரியும், பரிக்ரமாவாசிக்கு மூலை கிடைப்பதே கஷ்டம். நவம்பர் நடுவில் கிளம்பினால் அன்று நீங்கள் வடகரையில் எங்கோ நடுவழியில், ஜபல்பூருக்கு இப்பாலோ அப்பாலோ இருப்பீர்கள். அதுவே போதும். அன்று இருக்கிற ஊரில் என்ன காட் இருக்கிறதோ அங்கே விளக்கு விடுங்கள். சின்னக் கிராமத்துப் படித்துறையில் அன்றைக்கு அல்வாவும் கொடுப்பார்கள், இடித்துக்கொள்ளாமல் உட்காரவும் முடியும்.

முடிவில் ஓங்காரேஷ்வர் தென்கரையில் சங்கல்பம் செய்த அதே படித்துறைக்கு வந்து, பூஜை, கன்யா போஜனம் (சிறுமிகளுக்குச் சாப்பாடு), கடாய் பிரசாதம். அதற்குப் பிறகுதான் பாலம் தாண்டித் தீவுக்கு. பாட்டிலில் வந்த நீரில் கொஞ்சத்தை ஓங்காரேஷ்வர் லிங்கத்துக்கு அபிஷேகம் செய்யக் கொடுப்பார்கள், மீதியை வீட்டுக்குக் கொண்டு வரலாம். கூட்ட நாளில் கருவறையில் நீங்களே ஊற்றவிடமாட்டார்கள், திங்கட்கிழமையைத் தவிர்த்துவிட்டுப் போங்கள்.